பொருக்கை உடைக்காதீர்கள்

எங்கள் ஊரில் மலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெங்களூரிலிருந்து காரில் வந்து, எங்கள் தெருமுனையில் கண்ணாடியை இறக்கி, அந்தக் கலர் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். மலை இல்லை என்றால் நம்புவதில்லை. அதோ தெரிகிறதே என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். ஆமாம், தெரிகிறது. மஞ்சளும் வெள்ளையுமாக, ஓரத்தில் செங்கல் நிறமாக, மழை வழிந்த தடங்கள் புடவை மடிப்பு போல விழுந்து, பிறந்ததிலிருந்து எனக்கு அது தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது மலை இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாகப் பூமிக்குள்ளிருந்து கல்லை வெட்டி எடுத்து, மாவாக அரைத்து, சயனைடு தண்ணீரில் கரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய குப்பை. தங்கம் எங்கே போனது என்று எந்தக் காரும் நின்று கேட்டதில்லை.

எங்களுக்கு அது சைனைடு மேடு. அதன் காலடியில், சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள் இருக்கின்றன. லைன் என்போம். லைனில் பிறந்த பிள்ளை வாங்குகிற முதல் திட்டு ஒன்றுதான்: பொருக்கை உடைக்காதே. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி, தை வெயிலில் காய்ந்து, மேட்டின் மேல் ஒரு தோல் கட்டும். ஆறுகிற புண்ணின் மேல் கட்டுகிற அதே பொருக்குதான். மேலே கெட்டி, அடியில் மாவு. அது உடையாத வரைக்கும் மேடு சும்மா கிடக்கும். யாராவது ஏறி மிதித்து உடைத்துவிட்டால், மாசி பங்குனிக் காற்று அந்த இடத்தில் புகுந்து மாவை அள்ளும். அள்ளிக்கொண்டு வந்து எங்கள் சோற்றில் போடும், தலையணையில் போடும், மூக்கில் போடும். அடுத்த மழை வந்து மறுபடி தோல் கட்டுகிற வரைக்கும் நிற்காது. அதனால்தான் மேட்டில் ஓர் ஆடு ஏறினால்கூட லைனிலிருந்து நாலு பேர் ஓடிப்போய் விரட்டுவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. காற்று மாதங்களில் மேட்டைப் பார்த்த ஜன்னலில் பழைய வேட்டியை நனைத்துக் கட்டுவோம். காலையில் கட்டினால் மதியத்துக்குள் காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்தத் துணியை உதறக் கூடாது. அப்படியே மெல்லச் சுருட்டி வாளித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். உதறினால் காலையெல்லாம் துணி பிடித்து வைத்ததை நாமே வீட்டுக்குள் கொட்டியது போல. சாம்பியன் ரீப்ஸ் என்கிற சுரங்கப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த வேலையை என் அக்கா செய்வாள். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அம்மா அப்பா காலமும் முடிந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா இங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் இருட்டோடு ரயில் பிடித்து பெங்களூரில் ஓர் ஆபீசுக்குப் போய் வருகிறவள்.

போன வருஷம் அக்காவுக்கு இருமல் நிற்காமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊருக்குப் புது டாக்டர். நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மைன்ஸில் எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். பெண்கள் யாரும் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்கா வெளியே வந்து சிரித்தாள்.

"இன்னாடி இது, அப்பாவோட கேஜுல என்னையும் ஏத்தி உள்ள எறக்கிட்டாரு டாக்டரு."

அப்பா தினமும் சுரங்கத்துக்குள் இறங்கிய இரும்புக் கூண்டுதான் கேஜ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவாவது கூலி வாங்கிக்கொண்டு அந்தத் தூசியைத் தின்றார். இவள் எதற்குத் தின்றாள்? தூசி படாமல் இருந்தால் இருக்கிற மூச்சு அப்படியே நிற்கும், பட்டால் இன்னும் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு இடத்தில் வாடகைக்குப் பார்க்கலாம், ஊரின் மறுபக்கம் பாலகாட் போகலாம் என்றேன். அங்கே மட்டும் மேடு இல்லையா என்றாள். அதுவும் சரிதான்.

அக்கா பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஈஸ்டர் அன்று விடியற்காலையில் எங்கள் சபை கல்லறைத் தோட்டத்தில் கூடும். அங்கே ஆர்மோனியமும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. இருட்டில் ஒரு குரல் முதல் சரணத்தைத் தனியாகப் பாட வேண்டும். அது முடிந்ததும்தான் மற்றவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிச் சேர்ந்துகொள்வார்கள். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து அந்தக் குரல் அக்காவுடையது. வேறு எந்த விஷயத்திலும் அவள் தன்னைப் பெரிதாக நினைத்ததில்லை. இந்த ஒன்றில் நினைத்தாள். அடுத்த ஈஸ்டரிலும் பாடிவிட வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே வெந்நீரும் சுக்குமாக இருந்தாள். அடுப்படியில் நின்று, மூச்சு எங்கே அறுகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தச் சரணத்தைத் துண்டு துண்டாகப் பழகினாள்.

இனி என்னைப் பற்றி. எனக்குப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. மனிதர்களை எடுக்க வராது. திறந்த வெளி, மலை, வானம், இதுதான். ஆபீசில் என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு பயணம் போகிற ஒரு குழு. அதை நடத்தியவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். விலை உயர்ந்த லென்சும், எதைப் பார்த்தாலும் விரல்களால் கட்டம் கட்டிப் பார்க்கிற பழக்கமும் உள்ளவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவை டாக்டரிடம் காட்டிய சில மாதங்கள் கழித்து லடாக் போனோம். ஒரு கணவாயைத் தாண்டியதும் வண்டி நின்றது. எதிரே மலை பச்சையாக, ஊதாவாக, துருப்பிடித்த சிவப்பாக, யாரோ நிறம் நிறமாகப் போர்வைகளைக் காயப்போட்டது மாதிரி கிடந்தது. நல்ல காற்று. குழுவில் இருந்தவர்கள் கதவைத் திறந்ததும் சரிவில் ஏற ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, "ஏறாதீங்க, பொருக்கு ஒடஞ்சிடும்" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது, அது கடவுள் வைத்த மலை, அடியில் லைன் கிடையாது என்று. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அன்று மாலை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொருக்கு என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். மேட்டின் நிறத்தைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், ஈரவேட்டியைச் சொன்னேன், அக்காவின் நுரையீரலைக்கூடச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவ்வளவும் கேட்டுவிட்டு அவர்கள் மனதில் நின்றது நிறம் மட்டும்தான். இத்தனை தூரம் வந்திருக்கிறோம், பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதைச் சொல்லவே இல்லையே என்று குழுவை நடத்துகிறவர் என்னைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பயணத் தேதி போட்டார்கள். அதுவும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், காற்று தொடங்குகிற சமயத்தில். மழை முடிந்து வாருங்கள் என்றேன், அப்போது ஒளி சரியாக இருக்காது என்றார்கள். பேத்தமங்களா ஏரிக்கு அழைத்துப் போகிறேன், கரையில் நெல்லும் மல்பெரியுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றேன். ஏரி எங்கேயும் இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன்: ரோட்டிலிருந்து எடுக்கலாம், மேட்டில் ஒரு கால் வைக்கக் கூடாது. கட்டாயம் மேடம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நம்பினேன்.

வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து இட்லியும் வடகறியும் செய்தாள். எங்கள் சின்னக் கூடத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். அக்கா இருமலை அடக்கிக்கொண்டு, வாங்க, இன்னும் ரெண்டு வச்சிக்குங்க என்று பரிமாறினாள். ஜன்னலில் ஈரவேட்டி தொங்கியது. காலை வெயில் அதில் பட்டு, பின்னால் மேட்டின் மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. குழுவை நடத்துகிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதைப் படம் எடுத்தார். ஆஹா, என்ன ஒரு திரைச்சீலை என்றார். அது என்ன என்று லடாக்கிலேயே அவருக்குச் சொல்லியிருந்தேன். அப்போதே கேட்டிருப்பேன். விருந்தாளி ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்கக் கூடாது.

சாப்பிட்ட கையோடு வண்டி ஏறினார்கள். நான் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வருவதாகச் சொன்னேன். தெருமுனை திரும்புவதற்குள் சத்தம் கேட்டது. அவர்கள் ஒரு பெரிய ஜீப்பும் கொண்டுவந்திருந்தார்கள். அது மேட்டின் மேல் இருந்தது. சும்மா இல்லை, வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றச் சுற்றப் பின்னால் தூசி எழும்பி, சூரியனை மறைத்து, பொன் நிறப் புகையாக நின்றது. கீழே நின்ற அத்தனை கேமராவும் அந்தப் புகையைப் பார்த்திருந்தன. படத்துக்குத் தூசி வேண்டுமாம். தானாக எழும்பவில்லை என்று எழுப்பினார்களாம்.

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். உடைந்த பொருக்கு காலடியில் ஓடு மாதிரி நொறுங்கியது. ஜீப்பின் முன்னால் போய் நின்றேன். ஓட்டியவன் பிரேக் போட்டான். குழுவை நடத்துகிறவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. நல்ல ஒளி போய்விடுமே என்ற அவசரம்தான் இருந்தது.

"யாருமே இல்லாத எடம்தானே மேடம். ஒரே ஒரு ஷாட். முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

"யாருமே இல்லியா? காலைல நீங்க துன்ன இட்லி எந்த ஊட்லருந்து வந்துது?"

ஆபீசில் நான் பேசுகிற தமிழ் வேறு. அவர் என் ஊர்ப் பேச்சை முதல் தடவையாகக் கேட்டார். ஒரு நிமிஷம் என்னையும், கீழே வரிசையாகத் தெரிந்த ஓட்டு வீடுகளையும் பார்த்தார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஒன்று சொன்னார்.

"வீடெல்லாம் ஃபிரேம்ல வராது மேடம். கவலைப்படாதீங்க."

எங்கள் வீடுகள் அசிங்கமாகப் படத்தில் விழுந்துவிடுமோ என்று நான் ஓடிவந்ததாக அவர் நினைத்திருக்கிறார். நான் நகரவில்லை. லைனிலிருந்து நாலைந்து பேர் ஏறி வருவதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகிற வழியிலும் இன்னொரு தடத்தை உழுதுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த வாரமே குழுவை நடத்துகிறவரின் படம் இணையத்தில் வந்தது. பொன் தூசி, மஞ்சள் மேடு, ஊதா வானம். அழகாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மேட்டின் அடியில் லைன் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ பூசி மறைத்திருந்தார். மனிதர் தொடாத பூமி என்று ஆங்கிலத்தில் தலைப்பு. தொட்டுத் தொட்டு, குடைந்து குடைந்து, எங்கள் தாத்தன் அப்பன் எல்லோரும் செத்த பூமி. இனி தொடுவதற்கே அதில் ஒன்றும் பாக்கியில்லை.

பிறகு காற்று வந்தது. ஜீப் சுற்றிய வட்டத்திலிருந்து தினமும் ஒரு தூசி வால் எழும்பி நேராக எங்கள் லைனுக்கு வந்தது. லைன் பையன்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தார்கள். வெயில் ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டது. அக்கா ஒரு வேட்டிக்கு இரண்டு வேட்டி கட்டினாள். கதவிடுக்கில் ஈரச்சாக்கு போட்டாள். மதியம் துணியை வாளியில் அமிழ்த்தினால் தண்ணீர் மஞ்சள் கரைத்தது போல ஆனது. அடுப்படியில் சரணம் பழகுகிற சத்தம் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. குரலைச் சேர்த்து வைக்கிறேன் என்றாள். அவள் டீச்சர், பொய் சொல்லத் தெரியாது.

ஈஸ்டர் அன்று கல்லறைத் தோட்டத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை. எல்லோரும் அவரவர் குடும்பக் கல்லறையருகே ஏற்றாத மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை முடித்து, அக்கா நிற்கிற பக்கமாக இருட்டில் தலையசைத்தார். அவள் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. முதல் வரியைப் பாடினாள். அதே குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வரியின் நடுவில் மூச்சு அறுந்து, இருமல் பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். பிறகு எங்கேயோ பின்னாலிருந்து ஒரு பெரியவர் சுருதி சேராத குரலில் பாட்டை எடுத்தார். சபை சேர்ந்துகொண்டது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. அடுத்த வருஷம் வேறு யாரையாவது பழக்கச் சொல்லு என்று மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்.

சித்திரையில் ஆபீசில் குழுவின் படக்காட்சி வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. போவதற்கு முந்தின நாள் மதியம், காய்ந்து விறைத்த வேட்டியை அக்கா வாளியில் போடுவதற்கு முன் வாங்கி, மெல்லச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டினேன். என்னத்துக்கு என்று கேட்டாள். அவர்கள் படத்துக்கு முன்னால் நின்று உதறப் போகிறேன் என்றேன். நிஜமாகவே அந்த எண்ணம்தான். ஏசி போட்ட கூடத்தில், ஜன்னல் திறக்காத இடத்தில், ஒரு உதறு. அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டும். ரயிலில் சாம்பியனிலிருந்து பெங்களூர் வரைக்கும் அந்தக் காட்சியை மனதில் ஓட்டி ஓட்டிச் சுகப்பட்டேன்.

படம் சுவரின் நடுவில், ஆள் உயரத்துக்குத் தொங்கியது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர். குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் என்னைப் பார்த்ததும், இந்தப் படத்தின் மண்ணிலிருந்தே வந்தவர் என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். நான் பையைப் பிரித்து, வேட்டியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டேன். உதற வேண்டியதுதான் பாக்கி. கை அசையவில்லை. பயமில்லை, கோபமும் குறையவில்லை. பிறந்ததிலிருந்து காய்ந்த துணியை உதறாத கை அது. அதற்கு உதறத் தெரியவில்லை.

துணியைப் படத்துக்குக் கீழே தரையில் வைத்து, என் பாட்டில் தண்ணீரை முழுவதும் அதன் மேல் ஊற்றினேன். வெள்ளைத் தரையில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. இதுதான் அந்த மலை, ஒரு நாளைக்கு எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இவ்வளவு வருகிறது, இதைப் பிடிக்கிறவளின் கையால்தான் நீங்கள் இட்லி சாப்பிட்டீர்கள் என்று தமிழில் சொன்னேன், கன்னடத்திலும் சொன்னேன். செருப்பில் படாமல் நாலைந்து பேர் பின்வாங்கினார்கள். ஒரு பெண் செல்போனைக் குனிந்து பிடித்து, ஓடிய தண்ணீரைப் படம் எடுத்தாள். நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். குழுவை நடத்துகிறவர் என்னைத் தனியாக அழைத்து, வேண்டுமானால் தலைப்பை மாற்றிவிடுகிறேன் என்றார். துடைக்க வந்த துப்புரவு அம்மாவின் கையிலிருந்து துடைப்பானை வாங்கி, நானே துடைத்துவிட்டு வந்தேன். அந்தக் குழுவில் இப்போது நான் இல்லை.

மதிய ரயிலில் வீட்டுக்கு வந்தபோது அக்கா ஜன்னலருகே உட்கார்ந்து, அன்றைய வேட்டியை வாளியில் அமிழ்த்திக்கொண்டிருந்தாள். சண்டை போட்டாயா, அவர்கள் என்ன சொன்னார்கள், எதையும் கேட்கவில்லை.

"துணிய ஒதறலியே?"

"இல்லக்கா."

"அதான். அங்க கொயந்தைங்கல்லாம் வந்துருக்கும்."

அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.